ஃபாக்ஸ்ஹால் கீனும் 1900ஆம் ஆண்டின் போலோவும்: ஓர் எளிய விளக்கம்

விளையாட்டு வரலாற்றைத் தொகுத்துத் தரும் பட்டியல்களில் ஃபாக்ஸ்ஹால் பார்க்கர் கீன் என்ற பெயர் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அமெரிக்கக் கோடீஸ்வரரின் மகன், 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகப் போலோ (குதிரைமேல் இருந்தபடி மட்டையால் பந்தடிக்கும் ஆட்டம்) தங்கம் வென்றவர், ‘பத்து கோல்’ ஆட்டக்காரர் என்பதே அந்த வரி. படிப்பதற்கு எளிதாக இருந்தாலும் அதில் உள்ள ஒவ்வொரு செய்தியும் அரைகுறையாகவே உண்மை. தங்கப் பதக்கம் என்ற ஒன்று அன்று அந்த ஆட்டத்துக்குத் தரப்படவில்லை. அவர் ஆடியது அமெரிக்க அணிக்காக அன்று. பத்து கோல் என்பது அவர் அடித்த கோல்களின் எண்ணிக்கை அன்று. கோடீஸ்வரக் குடும்பம் என்பதும், தலைமுறை தலைமுறையாகக் குறையாமல் இருந்த செல்வத்தைக் குறிக்கவில்லை.

இந்த ஒற்றை வரியை நம்புகிறவர்கள் இரு பக்கமாகப் பிரிந்து பேசுவதைப் பார்க்க முடிகிறது. ஒரு சாரார் அவரை ஒலிம்பிக் மாவீரராகக் கொண்டாடுகிறார்கள். மறு சாரார், பணக்கார வீட்டுப் பிள்ளைகள் தங்களுக்குள் ஆடிப் பதக்கத்தை வாங்கிக்கொண்டார்கள் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கீன் தம் காலத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அதற்குச் சான்று அந்த ஒலிம்பிக் வெற்றி அன்று. சான்று எங்கே இருக்கிறது என்பதை அறிய வேண்டுமானால், 1900இன் போட்டி எப்படிப்பட்டது, போலோவில் பணம் என்ன வேலை செய்கிறது, ஹேண்டிகேப் என்ற கணக்கு எப்படி இயங்குகிறது என்ற மூன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாரிஸில் உண்மையில் நடந்தது என்ன?

ஊர்த் திருவிழாவை ஒட்டி ஒரு கபடிப் போட்டி நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அக்கம்பக்கத்து அணிகள் வருகின்றன, வென்றவர்கள் கோப்பையை வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். பல ஆண்டுகள் கழித்து, மாநிலக் கபடியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்தப் போட்டியையும் மாநிலப் பந்தயங்களின் வரிசையில் சேர்த்துவிடுகிறார்கள். ஆடியவர்களில் பலருக்கு, தாம் மாநில வெற்றியாளர் ஆன செய்தியே தெரியாது. 1900இன் ஒலிம்பிக் ஏறத்தாழ இப்படித்தான் உருவானது.

அந்த ஆண்டு பாரிஸில் உலகக் கண்காட்சி நடந்தது. அதன் ஒரு பகுதியாக மே மாதம் 14ஆம் நாளிலிருந்து அக்டோபர் 28ஆம் நாள் வரை பல்வேறு விளையாட்டுப் போட்டிகள் சிதறிச் சிதறி நடத்தப்பட்டன. தொடக்க விழாவோ நிறைவு விழாவோ இல்லை. அழைப்பிதழ்களிலும் அறிவிப்புகளிலும் பெரும்பாலும் கண்காட்சியின் பெயரே முன்னால் நின்றது. உடற்பயிற்சி மற்றும் விளையாட்டுகளுக்கான பன்னாட்டுப் போட்டிகள் என்பதுதான் அவற்றின் அதிகாரப்பூர்வப் பெயர். அங்கே கோல்ஃப் ஆடி வென்ற அமெரிக்கப் பெண்மணி மார்கரெட் அபோட் 1955இல் இறந்தார். தம் நாட்டின் முதல் ஒலிம்பிக் பெண் வெற்றியாளர் தாமே என்பது கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை. அவர் பரிசாகப் பெற்றது ஒரு பீங்கான் கிண்ணம்.

முதல் மூன்று இடங்களுக்குத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று பதக்கம் வழங்கும் வழக்கம் 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த போட்டிகளில்தான் தொடங்கியது. ஆகவே கீனின் பெயருக்கு நேரே இன்று காணப்படும் ‘தங்கம்’ பின்னாளில் இடப்பட்ட குறி. அவர் அணி முதலிடம் பெற்றது உண்மை. அந்த முதலிடத்தை இன்றைய வழக்கத்துக்கு மாற்றி எழுதியபோது அது தங்கமாயிற்று.

எந்தப் போட்டிகளை ஒலிம்பிக் என்று கணக்கில் எடுப்பது என்ற கேள்வியும் பின்னால் வந்தவர்கள் விடை தேடியதே. பல நாட்டவரும் கலந்துகொண்டார்களா, பணத்துக்காக ஆடுகிறவர்களை விலக்கி நடந்ததா, வலிய அணிக்கும் மெலிந்த அணிக்கும் இடையே புள்ளி ஈடு கொடுக்காமல் நேருக்கு நேர் ஆடப்பட்டதா என்ற அளவுகோல்களைக் கொண்டு வரலாற்று ஆய்வாளர்கள் சலித்தெடுத்தார்கள். பாரிஸின் பூலோன் வனப்பகுதியில் உள்ள பகடெல் மைதானத்தில் மே மாத இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் நடந்த போலோ போட்டி அந்தச் சலித்தெடுப்பில் தேறியது.

கீன் எந்த நாட்டுக்காக ஆடினார்?

எந்த நாட்டுக்காகவும் ஆடவில்லை என்பதே நேரான விடை. பகடெலுக்கு வந்தவை பெரும்பாலும் கிளப் அணிகள். ஒரு நாட்டின் சார்பில் வீரர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் ஒலிம்பிக் சங்கங்கள் அன்று பெரும்பாலான நாடுகளில் தோன்றியிருக்கவில்லை. லண்டன் ஹர்லிங்காம் கிளப்பின் பெயரைத் தாங்கிய ஃபாக்ஸ்ஹன்டர்ஸ் அணியில் கீன் இருந்தார். அதே அணியில் ஃபிராங்க் மேக்கி என்ற இன்னொரு அமெரிக்கரும், பிரிட்டனையும் அயர்லாந்தையும் சேர்ந்த டெனிஸ் டேலி, ஜான் பெரெஸ்ஃபோர்ட், ஆல்ஃபிரட் ராலின்சன் ஆகியோரும் இருந்தார்கள். ஒரே சீசனில் லண்டனிலும் பாரிஸிலும் சந்தித்துக்கொள்ளும் நண்பர்கள் சேர்ந்து அமைத்த அணி அது.

எதிரணிகளும் இப்படித்தான் இருந்தன. இறுதியில் இவர்களிடம் தோற்ற, ரக்பி என்ற பெயர் கொண்ட போலோ கிளப் அணியில் வால்டர் மெக்ரியரி என்ற அமெரிக்கர் ஆடினார். மெக்சிகோவிலிருந்து வந்த அணியில் எஸ்கந்தோன் குடும்பத்தின் சகோதரர்கள் மூவர் இடம்பெற்றிருந்தார்கள். பல நாட்டவர் சேர்ந்து ஆடிய அணிகளை இன்றைய பதிவேடுகள் ‘கலப்பு அணி’ என்று தனியாகக் குறிக்கின்றன. பதக்கப் பட்டியலில் 1900ஆம் ஆண்டின் வரிசையில் அந்தச் சொல்லைக் கண்டால், அதைப் பிழை என்று எண்ண வேண்டியதில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிக்கொள்வோம். 1900இன் போலோ, கண்காட்சியை ஒட்டி நடந்த கிளப் போட்டி. அதை ஒலிம்பிக் என்று அடையாளம் கண்டது பிற்காலம். தங்கம் என்ற சொல்லும் பிற்காலத்தது. நாட்டுப் பெயர் அந்த அணிக்குப் பொருந்தாது.

பணம் எங்கிருந்து வந்தது?

ஃபாக்ஸ்ஹால் கீன் 1867 டிசம்பர் 18ஆம் நாள் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் ராபர்ட் கீன் லண்டனில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்கா வந்து சேர்ந்தவர். நெவாடாவில் வெள்ளிச் சுரங்கங்கள் பெருகிய காலத்தில் சுரங்கப் பங்குகளை வாங்கி விற்றுப் பெரும்பொருள் ஈட்டி, சான் ஃபிரான்சிஸ்கோ பங்குச் சந்தையின் தலைவராகவும் ஆனார். 1870களின் பிற்பாதியில் நியூயார்க்குக்கு இடம்பெயர்ந்தார்.

அது பரம்பரை நிலங்களிலிருந்து வந்த செல்வம் அன்று. ஊக வணிகத்தில் வந்தது. கோதுமைச் சந்தையை முழுவதுமாகத் தம் கைக்குள் கொண்டுவர முயன்ற ஜேம்ஸ் கீன், 1884இல் ஏறத்தாழ எல்லாவற்றையும் இழந்தார். அதன்பின் பிறருக்காகப் பங்குச் சந்தையில் விலையை நடத்திக்கொடுக்கும் வேலையில் இறங்கி மெல்ல மீண்டார். 1901இல் ஜே.பி. மார்கன் உருவாக்கிய யு.எஸ். ஸ்டீல் நிறுவனத்தின் பங்குகளைச் சந்தையில் நிலைநிறுத்தும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மகனின் விளையாட்டு வாழ்க்கை தொடங்கியது தந்தை வீழ்ந்து இரண்டே ஆண்டுகள் கழித்து என்பதைக் கவனிக்க வேண்டும். ‘பணக்காரப் பிள்ளை’ என்ற சொல்லை நாம் எண்ணிப்பாராமல் பயன்படுத்தும்போது இந்த ஏற்ற இறக்கம் மறைந்துவிடுகிறது.

அந்த வீட்டில் பணத்துக்கு இணையாக இருந்தது குதிரை. ஜேம்ஸ் கீன் தம் பந்தயக் குதிரை ஒன்றுக்கு மகனின் பெயரையே வைத்தார். அந்த ஃபாக்ஸ்ஹால் 1881இல் பாரிஸின் மிகப் பெரிய பந்தயமான கிராண்ட் ப்ரீயை வென்றது. அது நடந்த லாங்ஷாம் ஓடுகளம், பகடெல் போலோ மைதானத்துக்கு அருகிலேயே, அதே பூலோன் வனத்தில் இருக்கிறது. 1900இல் கீன் அங்கே ஆட வந்தபோது, அவருடைய பெயரைப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே அந்த வனத்தில் ஆயிரக்கணக்கானோர் உரக்கக் கூவியிருந்தார்கள். 1893இல் தந்தையும் மகனும் சேர்ந்து வைத்திருந்த டாமினோ என்ற இரண்டு வயதுக் குதிரை, ஓடிய ஒன்பது பந்தயங்களையும் வென்றது. கென்டக்கியில் லெக்சிங்டன் அருகே அவர்கள் நடத்திய காசில்டன் பண்ணை, அமெரிக்கக் குதிரை வளர்ப்பின் வரலாற்றில் தவிர்க்க முடியாத பெயர்.

போலோவில் பணம் என்ன செய்கிறது?

போலோ இரு அணிகள் ஆடும் ஆட்டம், ஒரு நேரத்தில் களத்தில் அணிக்கு நால்வர். மைதானம் ஏறத்தாழ 300 கஜம் நீளமும் 160 முதல் 200 கஜம் வரை அகலமும் கொண்டது. ஆட்டம் பல சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் சக்கர் என்று பெயர். இன்று ஒரு சக்கர் ஏறக்குறைய ஏழு நிமிடம். கீனின் காலத்தில் அது இன்னும் நீண்டது. ஆட்டக்காரர் இடக்கையில் கடிவாளத்தையும் வலக்கையில் நீண்ட பிரம்புக் காம்பு கொண்ட மட்டையையும் பிடித்தபடி, முழு வேகத்தில் ஓடும் குதிரையின் மீதிருந்து தரையில் உருளும் சிறிய பந்தை அடிக்க வேண்டும். அடிக்கும் அந்தக் கணத்தில் அவர் பார்வை பந்தின் மேல் இருக்கும். குதிரை எங்கே கால் வைக்கிறது என்பதைப் பார்க்க முடியாது. பக்கத்தில் வரும் எதிராளி தன் குதிரையின் தோளால் இவர் குதிரையின் தோளை முட்டித் தள்ளிப் பாதையிலிருந்து விலக்கவும் விதி இடம் தருகிறது.

பணத்தின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. ஒரு சக்கர் முழுவதும் பாய்ந்தும் நின்றும் திரும்பியும் ஓடிய குதிரை அடுத்த சக்கருக்கு உடனே வர முடியாது; அதற்கு ஓய்வு வேண்டும். எனவே எளிய ஆட்டத்துக்குக்கூட ஒருவருக்குக் குறைந்தது இரண்டு குதிரைகள் தேவை. உயர்நிலை ஆட்டத்தில் சக்கருக்கு ஒன்று என்று ஆறு குதிரைகளும், காயத்துக்கு ஈடாக மேலும் ஓரிரண்டும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் லாயம், தீவனம், லாடம், சேணம், பழக்குநர், கடல் கடந்து ஆடப் போனால் கப்பல் செலவு என்று கணக்கு நீளும். குதிரைகளை விடியற்காலையில் நடத்திக் குளிர்வித்து, கால்களுக்குத் துணி சுற்றி, சக்கர் முடியும் நொடியில் அடுத்த குதிரையைத் தயாராக நிறுத்தும் லாயப் பணியாளர்கள் இல்லாமல் இந்த ஆட்டமே இல்லை. 1900ஆம் ஆண்டுப் பதிவேடுகளில் ஆடியவர்களின் பெயர்கள் இருக்கின்றன. பணியாளர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. இது என்னை உறுத்துகிறது.

ஆகப் பணம் வாங்கித் தருவது மூன்று: குதிரைகள், அவற்றைப் பராமரிக்கும் ஆட்கள், நாள்தோறும் பழகுவதற்கான நேரம். களத்துக்குள் நுழையும் வாசலைப் பணம் திறக்கிறது. உள்ளே போனபின் நடப்பது வேறு கதை.

நியூபோர்ட், ஆகஸ்ட் 1886

அந்த வேறு கதைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு கீனின் முதல் பன்னாட்டுப் போட்டி. போலோ மணிப்பூரில் நெடுங்காலமாக ஆடப்பட்டு வந்தது. அஸ்ஸாம் எல்லையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஆங்கிலேயர் அதைக் கற்றுக்கொண்டு 1859இல் சில்சாரில் கிளப் தொடங்கினார்கள். 1862இல் கல்கத்தாவிலும், 1869இல் இங்கிலாந்தின் குதிரைப்படையினரிடமும் அது பரவியது. செய்தித்தாள் உரிமையாளர் ஜேம்ஸ் கார்டன் பென்னட் 1876இல் அதை நியூயார்க்குக்குக் கொண்டுவந்தார். அதாவது 1886இல் அமெரிக்கர்கள் இந்த ஆட்டத்தைத் தொடங்கிப் பத்து ஆண்டுகளே ஆகியிருந்தன.

அந்த ஆகஸ்டில் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் நியூபோர்ட்டில், இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான வெஸ்ட்செஸ்டர் கோப்பைக்காக ஹர்லிங்காம் அணி அமெரிக்காவைச் சந்தித்தது. பதினெட்டு வயதுக் கீன் அமெரிக்க அணியில் இருந்தார். இரண்டு ஆட்டங்களிலும் அமெரிக்கா 4–10, 2–14 என்று தோற்றது. அமெரிக்க அணியில் இருந்தவர்களிடம் நல்ல குதிரைகளுக்கோ துணிச்சலுக்கோ குறைவில்லை. குறைவாக இருந்தது ஆட்டத்தைப் பற்றிய அறிவு. அமெரிக்கர்கள் பந்து போகும் திசையில் ஒவ்வொருவராகத் துரத்தினார்கள். ஆங்கிலேய அணியின் தலைவர் ஜான் வாட்சன் பின்னிருந்து வந்த பந்தைக் குதிரையைத் திருப்பாமலேயே பின்புறமாக வீசி அடித்துத் தம் ஆட்களுக்குத் தந்தார். குதிரையைத் திருப்பி நிறுத்தி மீண்டும் வேகம் பிடிக்க ஆகும் நொடிகளை அந்த ஓர் அடி மிச்சப்படுத்தியது. நால்வரும் தத்தம் இடத்தில் நின்று பந்தைக் கைமாற்றும் ஆட்டம் அதிலிருந்துதான் பிறக்கிறது. அந்த அறிவை விலைக்கு வாங்க முடியாது. தோற்றுத்தான் கற்க வேண்டியிருந்தது.

ஐந்தே ஆண்டுகளில், 1891இல், கீனுக்குப் பத்து கோல் மதிப்பீடு கிடைத்தது. எஞ்சிய வாழ்நாளில் பதினான்கு ஆண்டுகள் அந்த உச்ச மதிப்பீட்டில் அவர் நின்றார். இது என்ன மதிப்பீடு என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனெனில் போலோவைப் பற்றி எழுதுகிறவர்கள் மிகுதியாகத் தடுமாறும் இடம் இதுவே.

ஹேண்டிகேப்: பத்து கோல் என்றால் என்ன?

ஹேண்டிகேப் என்பது ஒவ்வோர் ஆட்டக்காரரின் திறனுக்கும் சங்கம் வழங்கும் ஓர் எண். அதன் அலகுக்குக் கோல் என்று பெயர் வைத்திருப்பதால்தான் குழப்பம். ஐந்து கோல் ஆட்டக்காரர் என்றால் ஒரு போட்டியில் ஐந்து கோல் அடிப்பவர் என்று பொருள் இல்லை. தன் அணியின் கோலைக் காத்து நிற்கும் நான்காம் இடத்து ஆட்டக்காரர் ஒரு போட்டி முழுவதும் கோலே அடிக்காமல் இருக்கலாம். அவருடைய ஹேண்டிகேப் ஒன்பதாக இருக்கலாம். இன்றைய அளவுகோல் கழித்தல் இரண்டில் தொடங்கிப் பத்தில் முடிகிறது. பத்துக்கு மேல் எண் இல்லை. உலகில் போலோ ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டிலோ அதற்குக் கீழோதான் இருக்கிறார்கள்.

இந்த எண் எதற்கு? அணிகளைச் சமப்படுத்துவதற்கு. ஓர் அணியின் நால்வருக்கும் 10, 6, 5, 3 என்று ஹேண்டிகேப் இருந்தால் கூட்டுத்தொகை 24. எதிரணிக்கு 5, 5, 4, 4 என்றால் கூட்டுத்தொகை 18. வேறுபாடு ஆறு. ஆறு சக்கர் ஆட்டமாக இருந்தால், மெலிந்த அணி ஆறு கோல் முன்னிலையோடு ஆட்டத்தைத் தொடங்கும். நான்கு சக்கர் மட்டுமே ஆடப்போகிறார்கள் என்றால், வேறுபாட்டை நான்கால் பெருக்கி ஆறால் வகுக்க வேண்டும். நான்கு கோல் முன்னிலை கிடைக்கும். வலிய அணி அந்த நான்கையும் முதலில் அடைத்த பிறகே சமநிலைக்கு வர முடியும்.

இந்தக் கணக்கை வடிவமைத்தவர் ஹென்றி லாயிட் ஹெர்பர்ட் என்ற அமெரிக்கர். 1890இல் அமைந்த அமெரிக்கப் போலோ சங்கத்தின் முதல் தலைவரும் அவரே. நாட்டில் நன்றாக ஆடுகிறவர்கள் ஒருசிலரே இருந்த காலத்தில், அவர்கள் எந்தப் பக்கம் சேர்ந்தாலும் போட்டி ஒருதலையாக முடிந்துவிடும் என்ற நடைமுறைச் சிக்கலுக்கு அவர் கண்ட தீர்வு இது. இங்கிலாந்து இதை ஏற்றுக்கொள்ள ஏறத்தாழ 1910 வரை ஆயிற்று. எனவே 1900இல் பகடெலில் ஹேண்டிகேப் கணக்குக்கு வேலையே இல்லை. இல்லாமல் போனதால்தான் அந்தப் போட்டி ஆய்வாளர்களின் அளவுகோலில் தேறியது என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்.

மதிப்பிடுகிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? குதிரையேற்றம், பந்தை அடிக்கும் திறன், கூட்டு ஆட்டம், ஆட்டத்தின் போக்கை முன்னறியும் நுண்ணறிவு ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். ஆட்டக்காரரின் குதிரைகள் எத்தகையவை என்பதையும் வழக்கமாகக் கருத்தில் கொள்கிறார்கள். இந்தக் கடைசிக் கூறு முக்கியமானது. பணத்தின் நிழல் மதிப்பீட்டின்மீதும் விழுகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நல்ல குதிரைகள் மட்டும் ஒருவரைப் பத்துக்குக் கொண்டுசெல்வதில்லை. கீனைவிடப் பெருஞ்செல்வர்கள் பலர் அதே மைதானங்களில் அதே ஆண்டுகளில் ஆடினார்கள். அவர்களில் பத்தைத் தொட்டவர்கள் மிகச் சிலரே.

மேலே சொன்னவற்றைத் தொகுத்தால்: ஹேண்டிகேப் என்பது திறனுக்கான எண், அடித்த கோல்களோடு அதற்குத் தொடர்பில்லை, அணிகளின் கூட்டுத்தொகை வேறுபாடு மெலிந்த அணிக்கு முன்னிலையாகத் தரப்படும். கீனின் உண்மையான தகுதியைக் காட்டும் ஆவணம் இந்த எண்ணும், அது நீடித்த பதினான்கு ஆண்டுகளும்தான்.

அமெச்சூர் என்ற சொல்

கீனைப் பற்றிய குறிப்புகளில் தவறாமல் வரும் இன்னொரு சொல் அமெச்சூர். விளையாட்டுக்காகப் பணம் பெறாதவர் என்பது அதன் பொருள். இன்று நாம் அதைக் கற்றுக்குட்டி என்ற பொருளிலும் பயன்படுத்துவதால், அமெச்சூர் என்றதும் திறன் குறைந்தவர் என்று எண்ணிவிடுகிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை நேர் எதிர். அமெச்சூர் என்பது சமூக மதிப்பைக் குறித்த சொல். அது கதவை அடைக்கும் தாழ்ப்பாளாகவும் பயன்பட்டது. இங்கிலாந்தின் ஹென்லி படகுப் போட்டி 1879இல் வகுத்த விதி, கைவினைஞராகவோ கூலித் தொழிலாளியாகவோ வேலை செய்தவர் அமெச்சூர் ஆகமாட்டார் என்று வெளிப்படையாகவே கூறியது. படகு வலித்துப் பணம் வாங்கவில்லை என்றாலும், உடலுழைப்பால் பிழைப்பவர் என்பதே அவரை விலக்கப் போதுமானது.

போலோவுக்கு அப்படியொரு விதி தேவைப்படவில்லை. குதிரைச் செலவே அந்த வேலையைச் செய்துவிட்டது. இந்தியாவில் பணியாற்றிய பிரிட்டிஷ் குதிரைப்படை அதிகாரிகளுக்கு மட்டும் இந்த ஆட்டம் ஓரளவு எட்டும் செலவில் கிடைத்தது. பாரிஸில் கீனோடு ஆடிய ராலின்சனும் குதிரைப்படையிலிருந்து வந்தவரே. மேக்கியோ நிதித் தொழில் செய்தவர். 1878இல் மினியாபொலிஸில் அவர் தொடங்கிய சிறுகடன் நிறுவனம் பின்னாளில் ஹவுஸ்ஹோல்டு ஃபைனான்ஸ் என்ற பெரும் நிறுவனமாயிற்று. எளிய மனிதர்களுக்கு வட்டிக்குக் கடன் தந்து சேர்ந்த பணமும், பங்குச் சந்தையில் வென்ற பணமும் ஒரே அணியில் சவாரி செய்தன.

வென்றதும் வெல்லாததும்

கீனுக்கும் அவர் தலைமுறைக்கும் உயிராக இருந்த போட்டி ஒலிம்பிக் அன்று, வெஸ்ட்செஸ்டர் கோப்பை. 1900இல் ஹர்லிங்காமில் அதன் தொடர்ச்சியாக நடந்த ஒற்றை ஆட்டத்தில் கீன், மேக்கி, மெக்ரியரி சகோதரர்கள் இருவர் கொண்ட அமெரிக்க அணி தோற்றது. பாரிஸ் வெற்றியும் இந்தத் தோல்வியும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தவை. 1902இல் மீண்டும் ஹர்லிங்காமில் முதல் ஆட்டத்தை 2–1 என்று வென்ற அமெரிக்கா, அடுத்த இரண்டையும் இழந்தது. 1909இல் ஹாரி பெய்ன் விட்னி தலைமையில் அமெரிக்கா கோப்பையைக் கைப்பற்றியபோது கீன் அந்த அணியில் இல்லை. 1913இல் அவரைத் தலைவராகக் கொண்டு அணி அமைக்கப்பட்டது; போட்டிக்குச் சற்று முன்பு பயிற்சியில் அவருக்குக் காறை எலும்பு முறிந்தது. விட்னியின் பழைய அணி மீண்டும் களமிறங்கி வென்றது. நாற்பத்தைந்து வயதில் தேடி வந்த தலைமையை அவர் அப்படி இழந்தார். பதினான்கு ஆண்டுகள் பத்து கோல் மதிப்பீட்டில் நின்ற ஒருவர், தாம் மிகவும் விரும்பிய கோப்பையை வென்ற அணியில் ஒருமுறைகூட இடம்பெறவில்லை.

போலோவோடு அவர் நிற்கவும் இல்லை. தடை தாண்டும் குதிரைப் பந்தயங்களில் சவாரி செய்தார்; 1897இல் அமெரிக்க ஓப்பன் கோல்ஃப் போட்டியில் ஆடினார். 1903இல் அயர்லாந்தில் நடந்த கார்டன் பென்னட் கார் பந்தயத்தில் மெர்சிடிஸ் ஓட்டினார். அந்தப் பந்தயத்துக்குப் பெயர் தந்தவரும், போலோவை நியூயார்க்குக்குக் கொண்டுவந்தவரும் ஒரே பென்னட்தான். அச்சு பழுதாகி அவர் கார் பாதியில் நின்றது; அதே மெர்சிடிஸ் அணியின் ஜெனட்ஸி வென்றார். 1905இல் லாங் ஐலண்டில் வேண்டர்பில்ட் கோப்பைப் பந்தயத்தில் ஒரு வளைவில் அவர் கார் தந்திக் கம்பத்தில் மோதியது. அதன் பிறகும் 1908இல் அதே பந்தயத்துக்குத் திரும்பினார். இவற்றைப் பொழுதுபோக்கு என்று எளிதாக ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. செலவைத் தந்தையின் பணம் ஏற்றுக்கொண்டது. முறிந்த எலும்பு அவருடையது.

தந்தை 1913 ஜனவரியில் இறந்தார். சேர்த்துவைத்த பண்ணையும் குதிரைகளும் கைமாறின. ஈட்டும் தொழில் எதையும் கைக்கொள்ளாத மகனிடம் செல்வம் தங்கவில்லை. கடைசி ஆண்டுகளைக் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஏயர்ஸ் கிளிஃப் என்ற ஊரில் தம் தங்கையின் ஆதரவில் கழித்து, 1941 செப்டம்பர் 25ஆம் நாள் தம் எழுபத்து மூன்றாம் வயதில் காலமானார்.

அவருக்குப் பின் போலோ

ஒலிம்பிக்கில் போலோ 1900, 1908, 1920, 1924, 1936 ஆகிய ஐந்து முறை மட்டுமே இடம்பெற்றது. 1936இல் பெர்லினில் அர்ஜென்டினா இறுதி ஆட்டத்தில் பிரிட்டனை 11–0 என்று வென்றதோடு அது முடிவுக்கு வந்தது. குதிரைகளைக் கூட்டம் கூட்டமாகக் கடல் கடத்திக் கொண்டுவர வேண்டிய ஓர் ஆட்டத்துக்கு அணிகள் திரட்டுவது ஒவ்வொரு முறையும் கடினமாகவே இருந்தது. 1908இல் லண்டனில் ஆடிய மூன்று அணிகளும் பிரிட்டனையும் அயர்லாந்தையும் சேர்ந்தவை.

இன்று போலோவின் மையம் அர்ஜென்டினா. பரந்த மேய்ச்சல் நிலங்களும், குதிரைகளோடு வளரும் பண்ணைக் குடும்பங்களும் அங்கே பத்து கோல் ஆட்டக்காரர்களைத் தொடர்ந்து உருவாக்குகின்றன. அவர்கள் ஊதியம் பெறும் தொழில்முறை ஆட்டக்காரர்கள். உயர்நிலைப் போட்டிகள் பலவற்றில் அணியின் செலவை ஏற்கும் செல்வருக்குப் பேட்ரன் என்று பெயர். அவரும் நால்வரில் ஒருவராகக் களத்தில் ஆடுவார். அணியின் ஹேண்டிகேப் கூட்டுத்தொகைக்கு அந்தப் போட்டிகளில் உச்சவரம்பு உண்டு. அதனால் பேட்ரனின் ஹேண்டிகேப் பூஜ்யமோ ஒன்றோ ஆக இருந்தால்தான் பத்து கோல் ஆட்டக்காரர்களைக் கூடுதலாகச் சேர்க்க இடம் கிடைக்கும். செலவைத் தருகிறவரும் அணியின் தலைசிறந்த ஆட்டக்காரரும் இப்போது பெரும்பாலும் இருவேறு ஆட்கள்.